“பலனில்லை” என்று கண்டுபிடிக்கவா இத்தனை செலவு?

(மருத்துவமனையின் வருடாந்தரத் துணையாளர் கூடுகையில் ஆஸ்பத்திரி குருவானவர் ஆற்றிய உரை)



 தூரத்துச் சபைகளிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி வந்திருக்கிறவர்களையும், முதிர்வயதிலும் இந்தக் கூடுகையைத் தவறவிடாத தாய்மார்களையும் பார்க்கும்போது எங்கள் உள்ளம் நிறைகிறது.

போன வருஷம் இதே மண்டபத்தில் கேள்வி நேரத்தில் ஒரு பெரியவர் எழுந்து எங்களிடம் ஒன்று கேட்டார். “ஐயா, ஆராய்ச்சி ஆராய்ச்சி என்று உலகமெங்கும் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள். வருஷக்கணக்காக ஆராய்ந்துவிட்டு, கடைசியில் ‘இந்த மருந்தால் பலனில்லை’ என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். பலனில்லை என்று கண்டுபிடிக்கவா இத்தனை செலவு? அந்தப் பணத்தில் எத்தனை ஏழைகளுக்கு மருந்து வாங்கலாம்!” அன்றைக்கு எங்களால் அவருக்குச் சரியான பதில் சொல்ல முடியவில்லை. நேரமாகிவிட்டது என்று சொல்லி உட்கார்ந்துவிட்டோம். கேள்வி மாத்திரம் எங்களை விடவில்லை. இன்றைக்கு ஒரே ஒரு வியாதியை எடுத்துக்கொண்டு அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லப் பார்க்கிறோம். நாங்கள் வைத்தியர் அல்ல. வார்டுகளில் முப்பது வருஷங்களுக்கு மேல் கட்டிலருகே உட்கார்ந்தவர்கள். எங்கள் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையே சொல்லுகிறோம்.

எங்கள் தவறு

சில வருஷங்களுக்கு முன் ஒரு தாயார் எங்கள் பெண்கள் வார்டில் படுத்திருந்தார்கள். அவர்கள் சம்மதத்தோடே இதைச் சொல்லுகிறோம். பேரும் ஊரும் வேண்டாம். தையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கினவர்கள். பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி, இன்சுலின் ஊசி. இரண்டு வருஷத்துக்கு முன் கணவரை அடக்கம் செய்திருந்தார்கள். அதற்குப் பிறகு ஓயாத குமட்டல். நாலு வாய் சாப்பிட்டால் வயிறு கல்லாக நிரம்பிவிடும். “ஐயா, காலையில சாப்பிட்ட இட்லி ராத்திரி அப்படியே வருது. செரிக்கவேயில்ல” என்று எங்களிடம் சொன்னார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? துக்கம் நெஞ்சை அடைத்திருக்கிறது, அதனால் சாப்பாடு இறங்கவில்லை என்று எண்ணிக்கொண்டோம். “கவலையை விட்டுவிடுங்கள் அம்மா, மனது ஆறினால் வயிறும் ஆறும்” என்று ஆறுதல் சொன்னோம், ஜெபித்தோம். மூன்று தடவை இப்படியே. மூன்றாம் தடவை அவர்கள் முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டார்கள். எங்கள் வார்த்தையில் அவர்கள் கேட்டது ஆறுதல் அல்ல. “நீ சொல்வதை நான் நம்பவில்லை” என்பதைத்தான் கேட்டார்கள்.

பிறகு எங்கள் டாக்டரம்மா அவர்களை நகரத்திலுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஒரு பரிசோதனை செய்வித்தார்கள். உணவு உண்டு நாலு மணி நேரம் ஆன பிறகும், சாப்பிட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரைப்பையிலேயே கிடந்தது. துக்கம் மெய்தான், ஆனால் வயிற்றில் நின்றுகொண்டிருந்தது துக்கம் அல்ல, சோறு. நாங்கள் அந்தத் தாயாரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம்.

வியாதி என்ன?

இதற்குக் காஸ்ட்ரோபரேசிஸ் என்று பெயர். இரைப்பை தளர்ந்து வேலைநிறுத்தம் செய்வது என்று தமிழில் சொல்லலாம். குடலில் எந்த அடைப்பும் இருக்காது. ஆனாலும் உணவு இறங்காது.

நம் இரைப்பை வெறும் பை அல்ல. அதன் மேல்பாகம் உணவை ஏற்றுக்கொள்ளத் தளர்ந்து இடங்கொடுக்கிறது. கீழ்பாகம் ஆட்டுரல் மாதிரி. நிமிஷத்துக்கு மூன்று தடவை அலை எழுப்பி, உணவைக் கிட்டத்தட்ட இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறிய துகளாக அரைத்த பிறகே வாசலைத் திறந்து சிறுகுடலுக்குள் கொஞ்சங்கொஞ்சமாக விடுகிறது. இந்த மூன்று தாளத்தைப் போட்டுக்கொடுக்கிறவை இரைப்பைச் சுவருக்குள் இருக்கும் ஒருவகை உயிரணுக்கள். ஸ்பெயின் தேசத்து விஞ்ஞானி கஹாலின் பெயரால் அவற்றை அழைக்கிறார்கள். மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு மேற்பார்வை செய்கிறது. நெடுநாள் சர்க்கரை வியாதி இந்த நரம்பையும் அந்த உயிரணுக்களையும் கெடுத்துவிடுகிறது. வயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இது வருவதுண்டு. அநேகருக்குக் காரணமே தெரிவதில்லை.

சர்க்கரை வியாதிக்காரர்களின் இந்த நிலைக்கு 1958-ல் அமெரிக்க வைத்தியர் கஸாண்டர் என்பவர் பெயரிட்டு எழுதினார். பெண்களையே இது அதிகம் பிடிக்கிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் ஓம்ஸ்டெட் கவுண்டியில் 1996 முதல் 2006 வரையுள்ள மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டி எண்ணினார்கள். லட்சம் ஆண்களில் சுமார் 10 பேருக்கும், லட்சம் பெண்களில் சுமார் 38 பேருக்கும் இது உறுதியாகியிருந்தது. பரிசோதனை செய்யப்படாமல், “மனதுதான் காரணம்” என்று அனுப்பப்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். எங்களைப் போன்றவர்கள் எத்தனை பேரை அப்படி அனுப்பியிருப்போமோ!

இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்சுலின் ஊசி நேரத்துக்கு வேலை செய்யும். ஆனால் சோறு வயிற்றிலேயே நிற்கும். அப்போது இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று தாழ்ந்துபோகும். பிறகு எதிர்பாராத நேரத்தில் சோறு இறங்கும்; சர்க்கரை ஏறும். அந்தத் தாயார் இரண்டு தடவை தையல் இயந்திரத்தின் மேலேயே மயங்கி விழுந்ததற்குக் காரணம் இதுதான் என்று பிறகு தெரிந்தது.

அளக்கத் தெரிந்த பிறகுதான் ஆராய்ச்சி

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க முதலாவது அளவுகோல் வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு விதமாக அளந்தால் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதல்லவா? ஆகவே 2008-ல் அமெரிக்க வைத்தியர்கள் கூடி ஒரே முறையை வகுத்தார்கள். கொழுப்பில்லாத முட்டை வெள்ளைக்கரு, இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் ஜாம், தண்ணீர். முட்டையில் மிகச் சிறிதளவு கதிரியக்கப் பொருளைக் கலந்து கொடுத்து, ஒரு மணி, இரண்டு மணி, நாலு மணி நேரத்தில் காமிராவில் பார்க்கிறார்கள். நாலு மணி நேரத்துக்குப் பிறகு பத்து சதவீதத்துக்கு மேல் வயிற்றில் தங்கியிருந்தால் இரைப்பை தாமதிக்கிறது என்று அர்த்தம்.

சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் இப்போது பேசப்படுகிற செமாகுளூட்டைடு போன்ற ஊசிகளும் இரைப்பையைத் தாமதிக்கச் செய்யும். ஆகையால் இப்படிப்பட்ட மருந்து எதையாவது போட்டுக்கொள்கிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும்.

2006-ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் பல பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகளைச் சேர்த்து, இந்த ஒரு வியாதிக்கென்றே ஓர் ஆராய்ச்சிக் கூட்டமைப்பை ஏற்படுத்தியது. தனித்தனி டாக்டரிடம் பத்து இருபது நோயாளிகளே இருப்பார்கள். எல்லாரும் சேர்ந்தால்தான் நம்பத்தக்க எண்ணிக்கை கிடைக்கும்.

வந்த மருந்துகளும் போன மருந்துகளும்

மெட்டோகுளோப்ரமைடு என்ற மருந்து 1980-ஐ ஒட்டி அமெரிக்காவில் இந்த வியாதிக்கு அனுமதி பெற்றது. இரைப்பையை அசைக்கும்; குமட்டலையும் அடக்கும். ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்ட சிலருக்கு வாயும் நாக்கும் தன்னையறியாமல் அசைய ஆரம்பித்தன. மருந்தை நிறுத்தியும் சிலருக்கு அது நிற்கவில்லை. 2009-ல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் கட்டம்போட்ட எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது. பன்னிரண்டு வாரத்துக்கு மேல் கொடுப்பதைத் தவிர்க்கும்படி சொன்னது.

1990-ல் பெல்ஜியத்தின் லூவென் நகரில் ஒரு சுவையான காரியம் நடந்தது. எரித்ரோமைசின் என்பது நாம் எல்லாரும் அறிந்த கிருமிக்கொல்லி. அதைச் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது என்று நோயாளிகள் முறையிடுவார்கள். இந்தக் குறையே இங்கே உதவுமா என்று சர்க்கரை வியாதியுள்ள பத்து நோயாளிகளுக்கு நரம்பு வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நின்றிருந்த இரைப்பை ஓட ஆரம்பித்தது! இன்றும் ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் சில வாரங்களில் உடம்பு அதற்குப் பழகி, பலன் குறைந்துவிடுகிறது.

சிசப்ரைடு என்ற மருந்து நன்றாகவே வேலை செய்தது. அதைச் சாப்பிட்ட சிலருடைய இருதயத் துடிப்பு தாறுமாறானது. 1999 முடிவதற்குள் அமெரிக்கக் கட்டுப்பாட்டு நிறுவனத்துக்கு இப்படிப்பட்ட 341 அறிக்கைகள் வந்தன; அவற்றில் 80 மரணங்கள். 2000-ல் அங்கே கடைகளிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. நம் தேசத்தில் 2011-ல்தான் தடை வந்தது. நடுவே பதினொரு வருஷங்கள்! டொம்பெரிடோன் இங்கே மூலைக்கு மூலை மருந்துக்கடையில் கிடைக்கிறது. அமெரிக்காவில் அது பொது விற்பனைக்கு அனுமதிக்கப்படவில்லை. ஐரோப்பாவில் 2014-ல் இருதயத்தை முன்னிட்டு அளவையும் நாளையும் குறைத்தார்கள். டாக்டரைக் கேளாமல் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் சபைகளிலும் உண்டு, கவனமாயிருங்கள்.

மாவு மாத்திரையின் வேலை

இப்போது பெரியவருடைய கேள்விக்கு நெருங்கி வருகிறோம்.

இரைப்பையின் வாசலில் போட்டாக்ஸ் என்ற நச்சு மருந்தைச் சிறிதளவு ஊசியாகப் போட்டால் வாசல் தளரும், சோறு இறங்கும் என்று டாக்டர்கள் எண்ணினார்கள். போட்டவர்களில் அநேகர் “குணமாயிருக்கிறது” என்றார்கள். கேட்க நன்றாயிருந்தது. ஆனால் 2007-ல் லூவெனில் 23 பேரிடத்திலும், 2008-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 32 பேரிடத்திலும் வேறு விதமாகச் சோதித்தார்கள். யாருக்கு மெய்யான மருந்து, யாருக்கு வெறும் உப்புநீர் என்பதை நோயாளியும் அறியார், குணத்தைக் கணக்கெடுக்கிறவரும் அறியார். முடிவில் கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது, உப்புநீர் ஊசி போட்டவர்களும் அவ்வளவாகவே குணமடைந்திருந்தார்கள்.

இது எப்படி? இந்த வியாதி அலைபோல ஏறி இறங்கும். மிகவும் மோசமான நாளில்தான் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருகிறார். அடுத்த வாரம் தானாகவே கொஞ்சம் இறங்குகிறது. ஒருவர் தன்னைக் கவனிக்கிறார் என்பதே உடம்பைக் கொஞ்சம் தேற்றுகிறது. அந்தப் பலனையெல்லாம் நாம் மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அப்படி எழுதாதபடி தடுக்கிறதுதான் மாவு மாத்திரையின் வேலை.

கூட்டமைப்பின் பெரிய ஆய்வு ஒன்று 2013-ல் வெளிவந்தது. நார்ட்ரிப்டிலின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தை, காரணந்தெரியாத காஸ்ட்ரோபரேசிஸ் உள்ள 130 பேரிடம் பதினைந்து வாரம் சோதித்தார்கள். அநேக டாக்டர்கள் அதை ஏற்கெனவே நம்பி எழுதிக்கொண்டிருந்தார்கள். முடிவு என்ன? மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கும், மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 21 பேருக்கும் எதிர்பார்த்த குணம் கிடைத்தது. அதாவது வித்தியாசமில்லை. அதுவுமல்லாமல், மருந்து சாப்பிட்டவர்களே அதிகமாக நடுவில் நிறுத்திக்கொண்டார்கள்.

2018-ல் அப்ரெப்பிடன்ட் என்ற வாந்தி மருந்தை 126 பேரிடம் சோதித்தார்கள். முக்கியமாக அளக்க வைத்திருந்த அளவுகோலில் அது ஜெயிக்கவில்லை. மற்றச் சில அளவுகளில் குமட்டலும் வாந்தியும் குறைந்தன. அதே வகையைச் சேர்ந்த ட்ராடிபிடன்ட் என்ற மருந்துக்கு இந்த வியாதிக்காக அனுமதி கேட்டபோது, 2024 செப்டம்பரில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஆதாரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டது.

எல்லாமே தோல்வி என்று நினைக்கவேண்டாம். இரைப்பையின் வாசல்தசையை, வயிற்றைத் திறக்காமல், வாய் வழியாக விடும் குழாயாலேயே வெட்டித் தளர்த்தும் சிகிச்சை ஒன்று 2013 முதல் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. செக் நாட்டின் பிராகு நகரத்து வைத்தியர்கள் வியாதி கடுமையாயிருந்த 41 பேரிடம் அதைச் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். 21 பேருக்கு மெய்யாக வெட்டினார்கள். 20 பேருக்கு மயக்கம் கொடுத்து, குழாயை விட்டு, ஒன்றும் செய்யாமல் எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து மெய்யான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 71 பேருக்குக் குணம். மற்றவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கே. அந்த 20 பேரில் 12 பேர் பிறகு மெய்யான சிகிச்சையைப் பெற்றுக்கொண்டார்கள். 9 பேர் தேறினார்கள். எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் போட்டாக்ஸைக் கவிழ்த்துப்போட்ட அதே தராசில் நிறுத்தப்பட்டு இது நின்றது. ஆகவே இதை நம்ப ஒரு காரணம் கிடைத்தது.

இரைப்பையில் வைத்துத் தைக்கும் மின்கருவி ஒன்றுக்கு 2000-ல் அமெரிக்காவில் விசேஷ அனுமதி கிடைத்தது. 2020-ல் பிரான்சு தேசத்தில் 172 பேருக்கு அதை வைத்து, நாலு மாதம் இயக்கியும் நாலு மாதம் நிறுத்தியும் பார்த்தார்கள். இயக்கினபோது வாந்தி குறைந்தது. ஆச்சரியம் என்னவென்றால், உணவு வேகமாக இறங்கவில்லை! இரைப்பை காலியாவதும் குமட்டல் நிற்பதும் ஒரே காரியம் அல்ல என்று இதனால் தெரிகிறது. 2021-ல் அமெரிக்கக் கூட்டமைப்பு வெளியிட்ட 944 பேருடைய கணக்கும் இதையே சொல்லுகிறது. பரிசோதனையில் “தாமதம்” என்று வந்தவர்களை ஒரு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக விட்டு மறுபடியும் சோதித்தால், நூற்றுக்கு 42 பேருக்குத் தாமதம் இல்லை என்று வந்தது. தாமதம் இல்லாதிருந்தவர்களில் நூற்றுக்கு 37 பேருக்குத் தாமதம் வந்திருந்தது. அவர்கள் வேதனையோ அப்படியே இருந்தது. ஆகையால் பரிசோதனைச் சீட்டில் “சரியாயிருக்கிறது” என்று வந்துவிட்டால் வியாதி இல்லை என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை. முதலில் சீட்டே பார்க்காமல் தவறு செய்த நாங்கள், சீட்டை மட்டும் பார்த்தும் தவறு செய்யலாம் என்று இதில் கற்றுக்கொண்டோம்.

கையெழுத்துப் போடுகிறவர் யார்?

இரைப்பையைப் பற்றிய ஆராய்ச்சியின் சரித்திரத்தில் ஒரு ஏழையின் சரீரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. 1822-ல் அமெரிக்காவின் மேக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலித்தொழிலாளியின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ராணுவ வைத்தியர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்கவைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த துவாரம் மூடவில்லை. போமான்ட் உணவைப் பட்டுநூலில் கட்டி அந்தத் துவாரத்தின் வழியே இறக்கி, எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று வருஷக்கணக்காகச் சோதித்து, 1833-ல் புத்தகமாக வெளியிட்டார். ஜீரணத்தைப் பற்றி உலகம் அதனால் அதிகம் அறிந்துகொண்டது. அந்தத் தொழிலாளியோ அவரை விட்டுப் போய்விட்டார். 1880-ல் அவர் இறந்தபோது, வைத்தியர்கள் உடலைக் கேட்டுவிடக்கூடாது என்று குடும்பத்தார் அது அழுகும்வரை வைத்திருந்தே அடக்கம் செய்தார்கள். அறிவு கிடைத்தது, ஆனால் அந்த வீட்டாருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்று பாருங்கள்!

1964-ல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனமும், நம் தேசத்தின் 2019-ஆம் வருஷ மருந்துச் சோதனை விதிகளும் நோயாளியின் சம்மதத்தை வற்புறுத்துகின்றன. நம் நாட்டில் 2009 முதல் இப்படிப்பட்ட மருந்துச் சோதனைகள் அரசுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியப்படவேண்டும். விதி எழுதப்பட்டாயிற்று. ஆனால் கட்டிலருகே அது எப்படி நடக்கிறது?

எங்கள் தையல்காரத் தாயாரிடம் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தின் ஆய்வில் சேரும்படி கேட்டிருந்தார்கள். காகிதத்தை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். “ஐயா, இதுல சேர்ந்தா எனக்குச் சொகமாகுமா?” என்று கேட்டார்கள். சுகமாகும் என்று சொல்ல எங்கள் நாக்கு துடித்தது. போதகர் வாயில் அந்த வார்த்தை சுலபமாக வரும். ஆனால் காகிதத்தில் அப்படி இல்லை. “அம்மா, இது உங்களுக்கு வைத்தியம் செய்வதற்கென்று நடப்பது அல்ல. மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்வதற்கு நடப்பது. உங்களுக்கு மாவு மாத்திரையும் கிடைக்கலாம். கெடுதலும் வரலாம். பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்” என்றோம்.

அவர்கள் வெகுநேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, “இப்ப சாப்பிடுற மருந்தை நிறுத்தணுமாம். ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் பட்டணம் போகணுமாம். பேத்தியப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆளில்ல. நான் மாட்டேன்னு சொன்னா டாக்டரம்மா கோவிச்சுக்குவாங்களா?” என்று கேட்டார்கள். கோபிக்கமாட்டார்கள் என்றோம். “நீங்க?” என்றார்கள்.

உண்மையைச் சொன்னால், எங்களுக்குள் கொஞ்சம் ஏமாற்றம்தான். சேர்ந்திருந்தால் இன்றைய கூட்டத்தில் சொல்ல நல்ல சாட்சியாக இருந்திருக்கும் அல்லவா! ஆனால் வேண்டாம் என்று சொல்ல உரிமையில்லாதவரின் சம்மதம் சம்மதமே அல்ல. “நாங்களும் கோபிக்கமாட்டோம் அம்மா” என்றோம். அவர்கள் சேரவில்லை. அவர்கள் வைத்தியத்தில் ஒரு குறைவும் வரவில்லை.

பெரியவருக்குப் பதில்

பிறகு என்ன நடந்தது? அவர்கள் மூத்த மகன் எங்கேயோ போட்டாக்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டு, வீட்டுமனையை அடகு வைத்தாவது அம்மாவுக்கு அந்த ஊசியைப் போடவேண்டும் என்று வந்து நின்றார். நல்ல பிள்ளை. எங்கள் டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, அந்த இரண்டு ஆய்வுகளையும் எடுத்துச் சொல்லி, “தம்பி, இது உப்புநீரைவிட மேலானது என்று காட்ட முடியவில்லை. மனையை வைத்துக்கொள்ளுங்கள்” என்றார்கள். நார்ட்ரிப்டிலினும் எழுதவில்லை.

பெரியவரே, நீங்கள் இன்றைக்கும் வந்திருக்கிறீர்கள் என்று காண்கிறோம். உங்கள் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான். லூவெனிலும் பிலடெல்பியாவிலும் உப்புநீர் ஊசி போட்டுக்கொண்ட அந்த முகந்தெரியாத நோயாளிகள், நம் ஊர்த் தாயார் ஒருவருடைய வீட்டுமனையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். பலனில்லை என்பதை ஒருதரம் சரியாகக் கண்டுபிடித்துவிட்டால், பலனில்லாததற்காக ஏழைகள் விற்கிறதும் அடகுவைக்கிறதும் நிற்கிறது. அந்தச் செலவைச் செய்யாவிட்டால், அதை வீடுவீடாக ஏழைகளே செய்துகொண்டிருப்பார்கள்.

பலன் தந்ததும் ஒன்று உண்டு. சுவீடன் தேசத்து ஆய்வு அது, 2014-ல் வெளிவந்தது. இன்சுலின் போடுகிற, இரைப்பை தாமதித்த 56 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சர்க்கரை வியாதிக்காரருக்குரிய வழக்கமான உணவு. மறுபாதிக்கு முள்கரண்டியால் மசித்தால் மசியக்கூடிய, சிறுதுகளான உணவு மாத்திரம். இருபது வாரத்தில், மசித்துச் சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல், வாந்தி, வயிறு நிரம்பல் யாவும் அதிகமாகக் குறைந்தன. இரைப்பை அரைக்க முடியாததை அடுப்பங்கரையிலேயே அரைத்துக் கொடுத்துவிடுவதுதான் இதன் சூட்சுமம். எங்கள் சமையற்கட்டுத் தங்கச்சிமார் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். “இதுக்குச் சுவீடன்காரன் வேணுமா ஐயா? பச்சைப்பிள்ளைக்கு நாம குழைச்சுத்தானே ஊட்டுறோம்!” என்றார்கள். மெய்தான். ஆனால் எது பாட்டி சொன்னதால் மாத்திரம் நிற்கிறது, எது சோதித்தும் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளச் சுவீடன்காரர் வேண்டியிருந்தது.

அந்தத் தாயார் இப்போது மூன்று வேளையை ஐந்தாறு சிறுவேளையாகப் பிரித்துக்கொண்டார்கள். குழைந்த சோறு, மசித்த பூசணிக்காய், வடிகட்டின பருப்பு, தோலும் நாரும் இல்லாமல். எண்ணெய் குறைவு. சாப்பிட்டவுடன் படுப்பதில்லை. இன்சுலின் நேரத்தை டாக்டரம்மா மாற்றிக்கொடுத்தார்கள். குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டோம்; மாதத்தில் சில நாள் இன்றும் வாந்தி உண்டு. ஆனால் இயந்திரத்தின் மேல் மயங்கி விழுவதில்லை. இழந்த எடையில் பாதி திரும்பியிருக்கிறது.

பிரியமானவர்களே, நாங்கள் உங்களிடத்தில் மூன்று காரியம் கேட்டுக்கொண்டு முடிக்கிறோம். உங்கள் வீட்டில் நெடுநாள் சர்க்கரை வியாதியுள்ளவர் கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்பிவிட்டது என்று சொன்னால், பழைய சோறு வாந்தியில் வருகிறது என்று சொன்னால், மனக்கவலை என்று தள்ளாமல் டாக்டரிடம் அழைத்துப்போங்கள். இரண்டாவதாக, யாராவது மருந்துச் சோதனையில் சேரச் சொன்னால் பயந்து ஓடவும் வேண்டாம், மரியாதைக்காகக் கையெழுத்துப் போடவும் வேண்டாம். இது பதியப்பட்டதா, கெடுதல் வந்தால் செலவை ஏற்பவர் யார், நடுவில் விலகலாமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மூன்றாவதாக, உங்கள் ஜெபத்தில் வார்டிலுள்ள நோயாளிகளோடு, பிராகிலும் பிரான்சிலும் அமெரிக்காவிலும் தங்களுக்குப் பலன் கிடைக்குமா என்று தெரியாமலே தங்கள் சரீரத்தைச் சோதனைக்குக் கொடுத்த அந்நிய தேசத்து நோயாளிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. தங்களால் ஒரு தையல்காரத் தாயார் இன்று மத்தியானம் சாப்பிட்டது வயிற்றில் தங்கியது என்று அவர்களுக்கும் தெரியாது.

 தேவனுடைய சமாதானம் உங்கள் எல்லாரோடும் இருப்பதாக.